மரநாயைப் பிடிக்கவா, ஓட்டையை அடைக்கவா? காசு எதற்கு?

மாரி தொடங்குமுன் கூரை வேலை பார்க்கிற காலம் வந்தால், எங்களுக்கு வருகிற கேள்விகளும் கூரையில் ஏறிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றில் பெரும்பங்கு மரநாய், குரங்கு, பாம்பு பற்றியவை. அவற்றில் கொடுக்கல் வாங்கல் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன். அனுப்பியவர்களின் பெயர்களை விட்டு, திருகோணமலையில் அவர்கள் இருக்கிற இடத்தை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சீலிங்குக்குள் மரநாய் குடியிருக்கிறது. இரவு தொடங்கினால் விடியும்வரை ஓட்டம்தான். பலகையெல்லாம் மஞ்சள் கறை. ஒருவர் கூடு வைத்துப் பிடித்து, கன்னியாப் பக்கத்துக் காட்டில் விடுவதாகச் சொல்லி 25,000 ரூபா கேட்கிறார். முழுவதையும் முன்கூட்டியே தரவேண்டுமாம். கொடுக்கலாமா? (உவர்மலை)

பதில்: கொடுக்காதீர்கள். அவர் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. சொன்னபடி பிடித்துக்கொண்டும் போகலாம். ஆனால் மரநாய் போன பிறகும் அது நுழைந்த ஓட்டை உங்கள் கூரையிலேயே இருக்கும். ஒன்று இருந்த இடத்தின் மணம் இன்னொன்றைக் கூப்பிடும். அடுத்த பாலைப்பழக் காலத்தில் மறுபடியும் 25,000 எடுத்து வைக்க வேண்டியதுதான்.

பிடித்துக் காட்டில் விடுவது அந்தச் சீவனுக்குச் செய்கிற உபகாரம் என்று பலர் நம்புகிறார்கள். புது இடத்தில் தண்ணீர் எங்கே, பழமரம் எங்கே என்று அதற்குத் தெரியாது. அங்கே முதலே இருப்பவை அதை அண்டவும் விடமாட்டா. பழைய இடத்துக்குத் திரும்ப வெளிக்கிட்டு றோட்டில் அடிபட்டுச் சாவதும் உண்டு. பிடிபட்டது தாயாக இருந்தால் இன்னும் மோசம். மரநாய் ஒரு ஈற்றில் இரண்டு முதல் ஐந்து குட்டி போடும். அவை சீலிங்குக்குள் பட்டினி கிடந்து செத்தால், நாற்றம் தாங்காமல் பலகையைக் கழற்றப்போவது நீங்கள்தான். அதற்கு வேறு கூலி.

சட்டப் பக்கமும் இருக்கிறது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. 2009 இல் பெரிதாகத் திருத்தப்பட்டது. எந்த விலங்கு எந்த அட்டவணையில் வருகிறது என்று நீங்கள் பாடமாக்கத் தேவையில்லை. வருகிறவரிடம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992. சந்தேகம் இருந்தால் அழைத்துக் கேட்கலாம்.

இனிச் செய்யவேண்டியது. முதலில், இருப்பது மரநாய்தானா என்று பாருங்கள். சந்தேகப்படும் ஓட்டையின் வாயில், பின்னேரம் ஒரு கைப்பிடி கோதுமை மாவைத் தூவிவிடுங்கள். காலையில் மாவில் ஐந்து விரல் பதிந்திருந்தால் மரநாய், நான்கென்றால் பூனை. எச்சத்தில் பழக்கொட்டைகள் உடையாமல் முழுசாகக் கிடக்கும். சில வீடுகளில் ரம்பை இலை போட்டுச் சோறு அவித்தது போல ஒரு மணமும் வரும். அதைச் சமையலறையில் தேடிக் களைத்தவர்கள் உண்டு.

பகலில் பூனைக்குட்டி முனகுவது போல மெல்லிய சத்தம் கேட்டால் குட்டி இருக்கிறது என்று பொருள். அப்போது ஓட்டையில் கை வைக்கக் கூடாது. தாயை வெளியில் விட்டு அடைத்தால், அது குட்டியிடம் போகக் கூரை ஓடுகளைப் புரட்டும், பலகையைப் பிய்க்கும். பகலில் சீலிங்குக்குள் ஒரு எல்ஈடி பல்பும், ஆட்கள் கதைத்துக்கொண்டே இருக்கிற ரேடியோ ஒன்றும் வையுங்கள். பல தாய்கள் தாங்களே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் பார்த்துவிடும். போகாவிட்டால், குட்டிகள் தாயோடு இறங்கி நடக்கும்வரை, ஏறத்தாழ இரண்டு மாதம், பொறுக்க வேண்டும். கஷ்டம்தான், ஆனால் கூரையைக் காப்பாற்றுகிற வழி அதுதான்.

குட்டி இல்லையென்று உறுதியானால், சின்ன இடைவெளிகளை முதலில் அடைத்து, அது போய்வருகிற பெரிய வாசலை மட்டும் விட்டுவையுங்கள். அதில் மேல்விளிம்பில் மட்டும் பூட்டிய கம்பிவலைத் துண்டு ஒன்றைத் தொங்கவிட வேண்டும். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து திறக்காது. பொழுதுபட்டதும் இரை தேடிப் போகிற மரநாய் திரும்பி வந்து பார்த்துவிட்டு வேறு இடம் போகும். பிறகு சீலிங்குக்குள் அதே வாசலில் பத்திரிகைத் தாளைக் கசக்கி வையுங்கள். மூன்று இரவு தாள் அசையாமல் கிடந்தால் நிரந்தரமாக அடைக்கலாம்.

உங்கள் 25,000 ரூபாவை இந்த வேலைக்குச் செலவழியுங்கள். நல்ல மேசனோ தச்சனோ போதும், 'விலங்கு நிபுணர்' தேவையில்லை. எழுதி வாங்க வேண்டியவை: எத்தனை ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் அடைக்குமுன்னும் பின்னும் போனில் எடுத்த படம், என்ன வலை, கூரைக்கு மேலே சாயும் மாங்கொப்பு பலாக்கொப்பு வெட்டுவது கூலிக்குள் அடங்குமா, ஒரு மாதம் கழித்து வந்து பார்ப்பாரா. பாதிக் காசை வேலை முடிந்த பிறகு கொடுங்கள். கோழிக்கூட்டுக்குப் போடும் மெல்லிய வலை வேண்டாம். மரநாய்க்கு அது ஒரு இரவு வேலை. பற்றவைத்த அரை அங்குல வலை கேளுங்கள். கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால், அதைக் காய்ந்தபடி வாளால் அறுக்கவோ துளைக்கவோ விடாதீர்கள். அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது. எச்சத்தைக் கூட்டுமுன் கிருமிநாசினி கலந்த தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ளுங்கள்.

கேள்வி: எலி, வௌவால், பல்லி, பாம்பு எல்லாவற்றையும் 'அல்ட்ராசொனிக்' ஒலியால் விரட்டும் என்று முகநூலில் விளம்பரம் பார்த்து மூன்று கருவி வாங்கினேன். எங்கள் விருந்தினர் விடுதியில் எலி அதற்குப் பக்கத்திலேயே இருந்து தேங்காய்ப் பூ தின்கிறது. காசு திரும்ப எடுக்கலாமா? (அலஸ்தோட்டம்)

பதில்: உங்கள் எலி பொய் சொல்லவில்லை. இந்தக் கருவிகளின் விளம்பரங்களுக்கு விஞ்ஞான ஆதாரம் போதாது என்று அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2001 இலேயே 60 க்கும் மேற்பட்ட உற்பத்தியாளருக்கும் விற்பனையாளருக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த ஒலி சுவரைத் தாண்டாது, அலுமாரிக்குப் பின்னால் போகாது. முதல் சில நாள் எலி கொஞ்சம் தயங்கும், பிறகு பழகிவிடும். பாம்புக்கோ அவ்வளவு உயர்ந்த ஒலி கேட்கவே கேட்காது.

காசு விஷயம்: 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் 30 ஆம் பிரிவு, நுகர்வோரைப் பிழையாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடுக்கிறது. வாங்கி மூன்று மாதத்துக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும். அதனால் இன்றைக்கே செய்யுங்கள். விளம்பரம் அழியுமுன் போன் திரையில் தெரிகிறபடியே அதைப் படம் (ஸ்கிரீன்ஷொட்) எடுத்து வையுங்கள். கூரியர் துண்டு, வங்கிப் பதிவு, விற்றவரோடு நடந்த செய்திப் பரிமாற்றம் எல்லாவற்றையும் சேருங்கள். முதலில் விற்றவருக்கே எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். முகவரியே இல்லாத பக்கத்தில் வாங்கியிருந்தால் காசு கைக்கு வருவது கடினம். அடுத்தமுறை பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையில் வாங்குங்கள்.

கேள்வி: வளவில் அடிக்கடி பாம்பு. பாம்பு பிடிப்பவர் ஒரு பாம்புக்கு இவ்வளவு என்று கேட்கிறார். போன கிழமை வந்து ஒரே நாளில் நான்கு பிடித்தார். கடையில் பாம்பு விரட்டும் தூளும் பூச்சி உருண்டையும் வாங்கினேன். எது நல்லது? (லிங்கநகர்)

பதில்: ஒரு பாம்புக்கு இவ்வளவு என்று பேசினால் பாம்பு கூடத்தான் செய்யும். பையோடு வந்து, பையில் கொண்டுவந்ததையே உங்கள் வளவில் 'பிடித்து'க் காட்டுகிற வித்தை பாம்பாட்டிகளிடம் பழையது. இவர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கண்ணால் கண்ட பாம்புக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுங்கள், வருகைக்கு ஒரு தொகை என்று முதலே பேசுங்கள், பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே வரச் சொல்லுங்கள். நேர்மையானவர் கோபிக்கமாட்டார். விருப்பத்தோடு இந்த வேலை செய்கிறவர்கள் போக்குவரத்துச் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. 'இனி ஒரு வருடம் பாம்பு வராது' என்று உத்தரவாதம் தருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பூச்சி உருண்டை பாம்பை விரட்டாது. குழந்தை எடுத்து வாயில் போட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து மட்டும் உண்டு. தூளை நம்புவதும் வீண். பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும்தான். விறகு, ஓட்டுக்குவியல், தேங்காய் மட்டை எல்லாவற்றையும் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். கதவின் கீழ் இடைவெளிக்கு ரப்பர் பட்டி அடியுங்கள். கட்டுவிரியன் இரவில் நிலத்தில் படுப்பவர்களைக் கடிப்பது இலங்கையில் அதிகம். கட்டிலில் படுத்து, நுளம்பு வலையை மெத்தைக்கு அடியில் செருகுவது எந்தத் தூளையும் விட மலிவு. பாம்பு அறைக்குள் என்றால் கதவைச் சாத்தி, கதவடியில் துவாய் வைத்து, ஆள் வரும்வரை வெளியில் நில்லுங்கள். கடித்தால் கட்டுப் போடவோ கீறவோ வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள். விஷமுறிவு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைக்கும்.

கேள்வி: குரங்குத் தொல்லை தாங்கவில்லை. தண்ணீர்த் தாங்கியின் மூடியைக் கழற்றி உள்ளே இறங்கிக் குளிக்கின்றன. மதிலில் மின்வேலி போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். (பாலையூற்று)

பதில்: 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதால் முழு நாடும் இருட்டானதாக மின்சக்தி அமைச்சர் சொன்னார். அடுத்த மாதம் 15 ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம், அரசாங்கக் கணக்கெடுப்புக்காக, நாடு முழுக்கக் குரங்கு, மயில், பன்றி எண்ணினோம். எண்ணி முடித்தும் குரங்கு உங்கள் தாங்கியில்தான் இருக்கிறது.

மின்வேலி வேண்டாம். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் ஏற்றுவது சட்டவிரோதம், ஆளையும் கொல்லும். துடிப்பு மின்சாரம் கொடுக்கும் முறையான கருவி அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் குரங்கு மதிலால் வரவில்லை, மரத்தாலும் வயராலும் வருகிறது. அந்தக் காசில் தாங்கி மூடிக்குத் திருகாணிப் பூட்டும் குறுக்குப் பட்டியும் போடுங்கள். குப்பைக்குப் பூட்டக்கூடிய வாளி வாங்குங்கள். சமையலறை யன்னலுக்கு வலை அடியுங்கள். கோணேசர் கோயில் பக்கம் போகும்போது பாவம் என்று வாழைப்பழம் நீட்டிவிட்டு, வீட்டில் கல்லெறிகிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். குரங்கு கடித்தாலோ பிராண்டினாலோ ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

கேள்வி: புள்ளிமான்கள் வந்து செவ்வரத்தை, றோசா எல்லாம் தின்கின்றன. விரட்ட நாய் வாங்கலாமா? (கோட்டைக்குப் பக்கத்தில்)

பதில்: வேண்டாம். நாய் மானைக் குதறினால் வினை உங்களுக்கு. ஆறடி உயரத்துக்கு வலை கட்டுங்கள், அல்லது அவை தொடாத அலரி நடுங்கள் (சின்னப்பிள்ளை இருந்தால் அலரியும் வேண்டாம், அது நஞ்சு). சாப்பாட்டுப் பொலித்தீனை வெளியில் போடாதீர்கள்; இந்த ஊர் மான்கள் அதைத்தான் தின்று சாகின்றன.

கேள்வி: பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எலிக்குப் பசை அட்டையா, நஞ்சா மலிவு? (மத்திய வீதி)

பதில்: விலைச்சீட்டில் இரண்டும் மலிவு. நஞ்சு தின்ற எலி சீலிங்குக்குள் போய்ச் சாகும், அதைத் தின்கிற பூனையும் ஆந்தையும் சாகும். பசை அட்டையில் எலி மணிக்கணக்காகத் துடிக்கும், பல்லியும் குருவியும்கூட ஒட்டும். இங்கிலாந்தில் 2024 ஜூலை முதல் பொதுமக்கள் பசை அட்டை வைப்பதே தடை. அரிசிக்கும் பருப்புக்கும் தகர மூடிப் பீப்பாய் வாங்குங்கள், ஷட்டருக்கு அடியில் தகடு அடியுங்கள், குழாய் போகிற ஓட்டைகளைச் சீமெந்தும் கம்பிவலையும் சேர்த்து அடையுங்கள். பெருவிரல் நுழையும் ஓட்டை எலிக்குப் போதும். பிறகும் மிஞ்சுகிற ஒன்றிரண்டுக்குப் பொறி வைக்கலாம். பொறியை வெயிலில் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: வௌவால் வராமல் இருக்க முகட்டில் வலை அடித்துத் தந்தார்கள். 'ஐந்து வருடக் கரண்டி' (உத்தரவாதம்) என்றார்கள். ஆறு மாதத்தில் துரு ஏறி உதிர்கிறது. கேட்டால் 'கடற்கரை வீட்டுக்குக் கரண்டி இல்லை' என்கிறார்கள். (உப்புவெளி)

பதில்: கடற்கரை வீடு என்று அவர்களுக்கு வேலை எடுக்கும்போதே தெரியும்தானே. உப்புவெளியில் உப்புக்காற்று அடிப்பது புதினமா? அந்த இடத்துக்குத் தாங்கும் பொருளைப் போடுவது வேலை செய்கிறவரின் பொறுப்பு. கரண்டி வாய்வார்த்தை மட்டும் என்றால் வாதாடுவது சிரமம். பில்லிலோ செய்தியிலோ எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கும். பில் தரவில்லையா? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும், அதுவும் சட்டம்தான். வேலை முடிந்து ஆறு மாதமானதால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் மூன்று மாதக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது. ஆகவே துரு தெரியும்படி படம் எடுத்து, பதிவுத் தபாலில் இரண்டு கிழமை அவகாசம் கொடுத்து எழுதுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் பிரதேச மத்தியஸ்த சபைக்குப் போங்கள். சட்டத்தரணிக் கூலி இல்லாமல் பேசித் தீர்க்க அதுதான் இடம். மறுபடி அடிக்கும்போது துத்தநாகம் பூசிய கம்பி வேண்டாம், துருப்பிடிக்காத உருக்கு வலை என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். அடிக்குமுன் ஒரு பின்னேரம் வெளியில் நின்று, வௌவால்கள் எந்தச் சந்தால் வெளியேறுகின்றன என்று பாருங்கள். அந்தச் சந்தைக் கடைசியாக, குட்டி இல்லாத காலத்தில், எல்லாம் வெளியே போனபின் அடைக்கச் சொல்லுங்கள்.