ஜப்பானில் கண்டுபிடித்துவிட்டார்களாமே? – மருத்துவ ஆராய்ச்சி கேள்வி பதில்

ஜப்பானிய மருத்துவ ஆராய்ச்சி பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல. செல் உயிரியல் படித்து, இந்த ஆய்வுக் கட்டுரைகளை விடாமல் வாசிக்கிறவன். அதனால் மாத்திரையை நிறுத்தலாமா, மாற்றலாமா என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கேள்வி: சார், அப்பாவுக்கு 68 வயது. பார்க்கின்சன் வந்து ஒன்பது வருடமாகிறது. ஜப்பானில் மூளைக்குள் செல் வைத்துக் குணப்படுத்துகிறார்களாம். வீட்டை விற்றாவது கூட்டிப் போகலாமா?

வீட்டை விற்காதீர்கள் அம்மா. செய்தி பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு வந்து சேர்ந்த வடிவம் சரியில்லை.

கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஜுன் தகஹாஷி குழு செய்த சோதனையின் முடிவு 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஆரோக்கியமான ஒருவரின் செல்லை எடுத்து, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஆரம்ப நிலைக்குத் திருப்புகிறார்கள். இதுதான் ஐபிஎஸ் செல். ஷின்யா யமனகா 2006இல் எலிச் செல்லில் செய்து காட்டி, 2012இல் நோபல் வாங்கியது இதற்குத்தான். பார்க்கின்சனில் குறைந்துபோவது டோபமைன் என்ற, அசைவுக்குத் தேவையான மூளை ரசாயனம். ஐபிஎஸ் செல்லிலிருந்து அந்த டோபமைனைச் சுரக்கப்போகிற இளம் நரம்புச் செல்களை வளர்த்து, மெல்லிய ஊசி வழியாக மூளையின் இரண்டு பக்கமும் புட்டாமென் என்ற பகுதியில் வைக்கிறார்கள். சிலருக்கு ஒரு பக்கத்துக்கு 20 லட்சத்துக்குச் சற்று மேல், மற்றவர்களுக்கு 50 லட்சத்துக்குச் சற்று மேல். வேறொருவரின் செல் என்பதால் உடம்பு அதைத் தள்ளிவிடாமல் இருக்க டாக்ரோலிமஸ் மருந்தும் கொடுத்தார்கள்.

மொத்தம் ஏழு பேர், எல்லாரும் 50 முதல் 69 வயதுக்குள். இரண்டு வருடம் கவனித்ததில் கட்டி எதுவும் வளரவில்லை, கடுமையான பக்கவிளைவும் இல்லை. எனக்கு இதில் பெரிய நிம்மதி இதுதான். ஐபிஎஸ் செல் என்றாலே கட்டியாகிவிடுமோ என்ற பயம் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பலனை அளந்தது ஆறு பேரிடம். மாத்திரையின் வேகம் இறங்கிய நேரத்தில் சோதித்தபோது நான்கு பேருக்கு அசைவுகள் முன்பைவிட மேம்பட்டிருந்தன. ஸ்கேனில் புட்டாமெனின் டோபமைன் உற்பத்தி சராசரியாக 44.7 சதவீதம் கூடியிருந்தது.

இப்போது அதே கட்டுரையில் இல்லாததைப் பாருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, செல் வைக்காத ஒரு குழு இல்லை. பார்க்கின்சனில் நம்பிக்கையே கொஞ்ச நாள் அசைவைத் திருத்திவிடும், அதனால் இந்தக் குறை சின்னதல்ல. முன்பு கருவிலிருந்து எடுத்த மூளைத் திசுவை வைத்துப் பார்த்தார்கள். முதலில் பிரமாதமாகத் தெரிந்தது. பிறகு அமெரிக்காவில் பாதிப் பேருக்குப் போலி அறுவை செய்து ஒப்பிட்டு, 2001இல் முடிவு வந்தபோது எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. சிலருக்கு அடங்காத கை கால் அசைவுகளும் வந்தன. அந்த வரலாறு தெரிந்தவர்கள் ஏழு பேரை வைத்துத் துள்ளமாட்டார்கள்.

சுமிட்டோமோ ஃபார்மா நிறுவனம் இந்தச் சிகிச்சைக்கு 2025 ஆகஸ்டில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தது. உங்கள் அப்பாவுக்கு இன்றைக்கு உதவுவது லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுப்பது, தினமும் நடை, பிசியோதெரபி, மருந்து போதாவிட்டால் மூளைக்குள் மின்கம்பி வைத்துத் தூண்டும் டிபிஎஸ் அறுவை பற்றி நரம்பியல் டாக்டரிடம் பேசுவது.

கேள்வி: மற்ற நாடுகளைவிட ஜப்பானில் இந்த மாதிரி சிகிச்சைகளுக்குச் சீக்கிரம் அனுமதி கொடுக்கிறார்களே, அது நல்லதா?

2014இல் சட்டத்தை மாற்றினார்கள். செல் சிகிச்சைகளுக்குப் பாதுகாப்பு உறுதியாகி, பலன் இருக்கும் என்று ஊகிக்க முடிந்தால், அதிகபட்சம் ஏழு வருடத்துக்கு நிபந்தனையோடு அனுமதி. அந்தக் காலத்தில் நோயாளிகளுக்குக் கொடுத்துக்கொண்டே பலனை நிரூபிக்க வேண்டும். வேறு வழியில்லாத நோயாளிகளுக்கு வாசல் திறக்கிறது என்பது உண்மை.

ஆனால் நடந்ததையும் சொல்ல வேண்டும். பலவீனமான இதயத்தில் ஒட்டுவதற்கு, நோயாளியின் தொடைத் தசைச் செல்லில் செய்த ஹார்ட்ஷீட்டுக்கு 2015இல் நிபந்தனை அனுமதி கிடைத்தது. 2024இல் நிபுணர் குழு, பலன் நிரூபணமாகவில்லை என்று சொல்லிவிட்டது. கால் ரத்த ஓட்டத்துக்கான கொலாடெஜீன் என்ற மரபணு மருந்தும் 2019இல் அனுமதி பெற்று, 2024இல் பின்வாங்கியது. தப்பை ஒத்துக்கொண்டு விலக்கினார்கள், அந்த அளவில் முறை வேலை செய்கிறது. ஆனாலும் அத்தனை வருடம் நோயாளிகளும் காப்பீடும் அதற்குப் பணம் கொடுத்தார்கள். நிரூபிக்கிற செலவை நோயாளி தலையில் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை. 'ஜப்பானில் அனுமதி கிடைத்தது' என்று படித்தால், நிபந்தனை அனுமதியா முழு அனுமதியா என்று பாருங்கள்.

கேள்வி: அண்ணா, 16 மணி நேரம் விரதம் இருந்தால் உடம்பு கேன்சர் செல்களைத் தானே சாப்பிட்டுவிடும், இதைக் கண்டுபிடித்த ஜப்பான்காரருக்கு நோபல் கொடுத்தார்கள் என்று குடும்ப குரூப்பில் வந்தது. மாமா சுகர் மாத்திரை போட்டுக்கொண்டே ஏகாதசி மாதிரி வாரத்தில் மூன்று நாள் பட்டினி கிடக்கிறார்.

மாமாவை முதலில் டாக்டரிடம் கூட்டிப் போ தம்பி. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

யோஷினோரி ஒசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது நிஜம். அவர் ஆராய்ந்தது ஈஸ்ட். ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற அதே ஈஸ்ட்தான். செல் தன் பழைய பாகங்களைப் பையில் கட்டி, செரித்து, மறுபடி பயன்படுத்திக்கொள்ளும். அதற்குப் பெயர் ஆட்டோபேஜி. ஈஸ்டில் இது நடக்கிறதா என்றே அப்போது தெரியாது. செல் ரொம்பச் சிறியது, நடந்தாலும் கண்ணில் படுவதற்குள் செரித்து முடிந்துவிடும். ஒசுமி, செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டை எடுத்து, அதற்கு நைட்ரஜன் சத்து கொடுக்காமல் பட்டினி போட்டார். சில மணி நேரத்தில் செல்லின் குப்பைப் பை முழுக்கச் சின்னச் சின்னப் பைகள், செரிக்க வழியில்லாமல் அப்படியே நிற்கின்றன. சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே பார்க்க முடிந்தது. செரிமானத்தை நிறுத்தினால் அதுவரை தெரியாதது தெரியும் என்று யோசித்தாரே, அந்த யோசனையை எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும். அப்புறம் அதற்குத் தேவையான மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்தார். நோபல் இதற்குத்தான்.

மனிதன் எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் இருக்க வேண்டும் என்று அந்த ஆராய்ச்சியில் ஒரு வரி கிடையாது. கேன்சர் விஷயத்தில் கதை இன்னும் சிக்கல். சில கட்டிகள் உணவு கிடைக்காதபோது ஆட்டோபேஜியை வைத்தே பிழைத்துக்கொள்கின்றன.

கேள்வி: எனக்கு 61 வயது. கடைவாய்ப் பல் நான்கு போய்விட்டது. பல் முளைக்க ஊசி வந்துவிட்டதாமே, பல்செட் கட்டாமல் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள் ஐயா. பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடும், தாடை எலும்பும் தேய்ந்துகொண்டே போகும்.

அந்த ஊசி ஒசாகாவின் கிடானோ மருத்துவமனையைச் சேர்ந்த கட்சு தகஹாஷியின் உழைப்பு. (பார்க்கின்சன் தகஹாஷி வேறு, இவர் வேறு.) நம் உடம்பில் யுசாக்-1 என்று ஒரு புரதம் இருக்கிறது. பல் வளரச் சொல்லும் சமிக்ஞைகளை அது தடுக்கிறது. அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடியை எலிகளுக்குக் கொடுத்தபோது, பிறவியிலேயே பல் இல்லாதவற்றுக்குப் பல் வந்தது. நீர்நாய் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரட் என்ற சிறு விலங்குக்குக் கூடுதலாக ஒரு பல்லே முளைத்தது. அதற்கு நம்மைப் போலவே பால்பல்லும் நிலைப்பல்லும் உண்டு என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டுரை 2021இல் வந்தது.

2024 இலையுதிர் காலத்தில் கியோட்டோ பல்கலைக்கழக மருத்துவமனையில் மனிதர்களிடம் முதல் கட்டம் தொடங்கியது. பல் குறைந்த, மற்றபடி ஆரோக்கியமான 30 ஆண்கள். மருந்து உடம்புக்குக் கேடு செய்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம். அடுத்து அவர்கள் கொடுக்க நினைப்பது பிறவியிலேயே நான்கோ அதற்கு மேலோ நிலைப்பற்கள் இல்லாத சிறு குழந்தைகளுக்கு. உங்களையும் என்னையும் போலச் சொத்தையாகி விழுந்தவர்களின் முறை அதற்கெல்லாம் பிறகு.

கேள்வி: டோக்கியோவில் ஒரு தனியார் கிளினிக், ஸ்டெம் செல் டிரிப் போட்டால் மூட்டுவலி, முதுமை எல்லாம் போகும் என்கிறது. அரசிடம் பதிவு பெற்றதாம்.

பதிவு என்பது வேறு, மருந்தாக அனுமதி என்பது வேறு. அங்கே சட்டப்படி ஒரு குழுவிடம் திட்டத்தைக் காட்டிவிட்டு, தன் செலவில் வருகிறவர்களுக்குக் கிளினிக்குகள் செல் சிகிச்சை தரலாம். அது பலன் தரும் என்று அரசு சான்று சொல்லவில்லை. போகாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், ஆறு வயது. கூடுதல் குரோமோசோமை ஜப்பானில் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று உறவினர்கள் எல்லாரும் எனக்கு அனுப்புகிறார்கள். படிக்கும்போது கை நடுங்குகிறது. இது நிஜமா? மேற்கொண்டு விசாரிக்கலாமா?

அம்மா, உங்களுக்கு நேராகவே சொல்கிறேன். மியே பல்கலைக்கழகத்தின் ரியோதாரோ ஹஷிசுமே குழு 2025இல் வெளியிட்ட ஆய்வு அது. கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் செய்தது. மூன்று 21ஆம் குரோமோசோம்களில் ஒன்றை மட்டும் அடையாளம் கண்டு, கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரிக்கோல் கொண்டு பல இடத்தில் வெட்டினார்கள். வெட்டுப்பட்டது செல்லிலிருந்து தொலைந்துபோனது. நன்றாக நடந்த சோதனையிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செல்களில்தான் வெற்றி.

செல்லுக்குள் இது முடியும் என்று காட்டியது அருமையான வேலை. ஆனால் உங்கள் மகனின் உடம்பில் கோடானுகோடி செல்கள், மூளை உருவாகியும் விட்டது. அவனுக்குச் செய்யக்கூடிய சிகிச்சையாக இது இல்லை, அதனால் விசாரிக்க அலைய வேண்டாம். தைராய்டு, காது, கண் பரிசோதனைகளை வருடாவருடம் தவறவிடாதீர்கள், பேச்சுப் பயிற்சி தொடரட்டும். அந்தச் செய்தியை அனுப்புகிறவர்களிடம், 'இது தட்டில் வளர்த்த செல், இனி எனக்கு அனுப்பாதீர்கள்' என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: எனக்கு முடக்குவாதம். 2025 நோபல் வாங்கிய சகாகுச்சி என்ன கண்டுபிடித்தார்? என் நோய்க்கு அது உதவுமா?

ரொம்ப நேரடியான தொடர்பு உண்டு. நோய்க்கிருமியோடு சண்டை போட வேண்டிய டி செல்கள் சொந்த உடம்பையே தாக்குவதுதான் உங்கள் மூட்டில் நடக்கிறது. எல்லாருக்கும் ஏன் அப்படி நடப்பதில்லை என்பது பழைய கேள்வி.

நாகோயாவில் ஐச்சி புற்றுநோய் மையத்தில் ஒரு விசித்திரமான சோதனை நடந்திருந்தது. டி செல்கள் பயிற்சி பெறும் இடம் தைமஸ் சுரப்பி. பிறந்து மூன்றாம் நாள் அதை எலிக்குட்டியிடமிருந்து எடுத்துவிட்டார்கள். எதிர்ப்பு சக்தி குறையும் என்றுதானே நினைப்போம்? நடந்தது வேறு. அந்த எலிகளின் உடம்பு தன் சினைப்பை, தைராய்டு என்று ஒவ்வொரு உறுப்பாகத் தாக்கத் தொடங்கியது. ஷிமோன் சகாகுச்சி இதைப் பிடித்துக்கொண்டார். ஆரோக்கியமான எலியின் டி செல்களை அவற்றுக்குச் செலுத்தியதும் நோய் வராமல் தடுக்க முடிந்தது. அப்படியென்றால் தாக்குகிற டி செல்களுக்கு நடுவே, தாக்காதே என்று அடக்குகிற டி செல்களும் இருக்க வேண்டும்.

அடக்கும் செல் என்ற கருத்தை அந்தத் துறையே கைவிட்டிருந்த காலம் அது. அவர் விடவில்லை. 1995இல் சிடி25 என்ற அடையாளத்தை வைத்து அந்தச் செல்களைப் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவில் மேரி பிரன்கோவும் ஃபிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் ஃபாக்ஸ்பி3 மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் இந்தச் செல்களை உருவாக்குகிறது என்று 2003இல் நிறுவியவர்களில் சகாகுச்சியும் ஒருவர். பரிசு மூவருக்கும் சேர்த்து.

இந்த அடக்கும் செல்களைப் பெருக்கி முடக்குவாதத்துக்கும், மாற்று உறுப்பு நிலைப்பதற்கும் பயன்படுத்தும் சோதனைகள் பல நாடுகளில் நடக்கின்றன. இன்றைக்கு உங்கள் டாக்டர் தரும் மெத்தோட்ரெக்ஸேட்டின் இடத்தை எதுவும் பிடித்துவிடவில்லை. ஆனால் இந்தப் பட்டியலில் நான் ஆவலோடு எதிர்பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: தம்பி பைக்கிலிருந்து விழுந்து நான்கு வருடமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லை. கெயோ பல்கலைக்கழகத்தில் ஒருவர் எழுந்து நின்றாராமே?

நின்றார். ஹிதேயுகி ஒகானோ, மசயா நகமுரா குழு 2021 டிசம்பரில் தொடங்கி நான்கு பேருக்கு, ஆளுக்கு 20 லட்சம் நரம்பு முன்னோடிச் செல்களை முதுகுத்தண்டில் வைத்தது. 2025 மார்ச்சில் சொன்ன முடிவுப்படி இருவருக்கு முன்னேற்றம், அதில் ஒருவர் பிடிமானம் இல்லாமல் நின்று நடைப்பயிற்சியும் தொடங்கினார். ஆனால் அவர்கள் எல்லாரும் அடிபட்டு இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் சிகிச்சை பெற்றவர்கள். அந்தக் கட்டத்தில் சிலருக்குத் தானாகவும் கொஞ்சம் அசைவு திரும்பும். நான்கு வருடப் பழைய காயத்தில் தழும்பு இறுகிவிடுகிறது, அது தனிப் பிரச்சினை, அதற்கான ஆய்வும் தனி. தம்பிக்கு இப்போது படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். நாளைக்கு ஒரு சிகிச்சை வந்தாலும் உடம்பு அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

கேள்வி: ஜப்பானில் ஊதா நிறச் செயற்கை ரத்தம் செய்கிறார்களாமே? இனி ரத்த தானம் வேண்டாமா?

கட்டாயம் வேண்டும். நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஹிரோமி சகாய் குழு அதைச் செய்வதே, காலாவதியான தான ரத்தத்திலிருந்து ஹீமோகுளோபினைப் பிரித்தெடுத்துத்தான். ரத்த வகை பார்க்க வேண்டியதில்லை, நீண்ட நாள் கெடாது என்பவை அதன் பலம். இன்னும் சோதனைக் கட்டம்.

கேள்வி: அக்காவும் நானும் பயோடெக் படிக்கிறோம். ஜப்பானிய ஆய்வகத்தில் சேர ஜப்பானிய மொழி கட்டாயமா?

ஆய்வகத்துக்குள் பெரும்பாலும் ஆங்கிலம் போதும், வீடு பார்க்கவும் ஆஸ்பத்திரி போகவும் மொழி வேண்டும். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம், அறிவிப்பு வழக்கமாக ஏப்ரல், மே வாக்கில் வரும். அதற்கு முன்பே சேர விரும்பும் பேராசிரியரின் கடைசி இரண்டு மூன்று கட்டுரைகளை ஊன்றிப் படித்துவிட்டு அவருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். எல்லாருக்கும் அனுப்புகிற பொதுவான கடிதத்துக்குப் பதில் வராது. அவருடைய கட்டுரையில் உள்ள ஒரு வரைபடத்தைப் பற்றியோ ஒரு முடிவைப் பற்றியோ உண்மையான சந்தேகம் ஒன்றைக் கேட்டு எழுதினால் வரும்.