குடி ரத்தத்திலேயே ஊறியதா?

கேள்வி: என் மாமனார் குடித்தே ஈரல் கெட்டு இறந்தார். கணவரும் தினமும் குடிக்கிறார். ஆனால் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவறாது. மகனுக்கு 13 வயது. உமிழ்நீரை அனுப்பினால் ஜீனைப் பார்த்துச் சொல்கிறார்களாமே, எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?
- வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள். குடிநோய்க்கென்று தனி ஜீன் கிடையாது. ஏகப்பட்ட ஜீன்கள் ஆளுக்குக் கொஞ்சம் தள்ளிவிடுகின்றன. அவற்றைக் கூட்டித் தரும் மதிப்பெண்ணும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு. நம்மவர்களுக்குச் சரியாகப் பொருந்தாது.

பரம்பரை உண்டுதான். 1973-ல் வெளியான டென்மார்க் ஆய்வில், கைக்குழந்தையாகவே தத்துப்போன ஆண்களைப் பார்த்தார்கள். பெற்றவர் குடிநோயாளி என்றால், வேறு வீட்டில் வளர்ந்தும் பிள்ளைக்குக் குடிநோய் ஏறக்குறைய 4 மடங்கு வந்திருந்தது. ஆனால் அவர்களிலும் பெரும்பாலோருக்கு வரவில்லை. இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. 'பரம்பரையின் பங்கு சுமார் 50 சதவீதம்' என்று படித்திருப்பீர்கள். மகனுக்குப் பாதி வாய்ப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு சமூகத்தில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் பாதி ஜீனால் வருகிறது, அவ்வளவுதான்.

கணவர் நிதானம் தவறாதது பெருமையல்ல. அமெரிக்காவில் இளைஞர்களுக்கு அளந்து மது கொடுத்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். போதை குறைவாக ஏறியவர்களே பின்னாளில் அதிகம் சிக்கினார்கள். உடம்பு 'போதும்' என்று சொல்லாததால் அளவு கூடிக்கொண்டே போகிறது. சீனர், ஜப்பானியர் பலருக்கு நேர்மாறு: மது உடம்பில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது, அதை உடைக்கும் என்சைம் அவர்களுக்குப் பிறவியிலேயே மந்தம், கொஞ்சம் குடித்தாலே முகம் சிவந்து குமட்டும். அவர்களிடம் குடிநோய் குறைவு. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையும் அந்த என்சைமைத்தான் முடக்குகிறது. (குடிப்பவருக்குத் தெரியாமல் அதைக் குழம்பில் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. உயிருக்கே ஆபத்து.)

மகன் விஷயத்தில் ஜீனை மாற்ற முடியாது, முதல் மிடறைத் தள்ளிப்போட முடியும். 1997-ல் வெளியான அமெரிக்கக் கணக்கெடுப்பில், 15 வயதுக்குமுன் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் அடிமையானார்கள். 20-ஐத் தாண்டித் தொடங்கியவர்களில் சுமார் 10 சதவீதம். துறுதுறுவென்று எதிலும் முந்தும் பிள்ளைகளே சீக்கிரம் தொடுவதும் இதில் கலந்திருக்கிறது, முழுப்பழியும் வயதுக்கல்ல. ஆனாலும் மூளையின் முன்பகுதி முதிர ஏறக்குறைய 25 வயதாகும். அதனால் வீட்டில் பாட்டில் இருக்கக் கூடாது. சைட் டிஷ் வாங்கிவரப் பையனை அனுப்பாதீர்கள்.

கணவரைச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். தினசரி குடிப்பவருக்கு 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். முதலில் விசாரிக்க, போதை மீட்பு உதவி எண் 14446.