காலேஜ் சீட்டுக்கும் பணம் வேண்டாம், கடைக்கும் வேண்டாம்

மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளையே சுற்றுகிறாள், தானும் ஒரு கடை வைக்கணும் என்கிறாள்; சித்தப்பாவோ மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசிவிட்டார் என்கிறீர்கள். பயப்படாதீர்கள் அம்மா. ஆனால் அந்தச் சீட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள். கணக்கென்றாலே ஓடும் பிள்ளைக்கு நான்கு வருடக் கட்டணம் கட்டப்போவது சித்தப்பா இல்லை.

அரசுக் கல்லூரியில் வரலாறு படிக்கட்டும். விடுமுறையெல்லாம் கடையில் நிற்கட்டும். முதலில் கண் பழக வேண்டும். ரவி வர்மா அச்சுப்படம் வந்தால் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்கணும்: பழைய கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சடித்தது) புள்ளிகள் ஒழுங்கில்லாமல் கிடக்கும், இந்தக்கால ஆஃப்செட் இயந்திரத்தில் அடித்த நகலில் வரிசை பிசகாது. தேக்கு அலமாரியில் ஸ்டார் ஸ்க்ரூ (தலையில் கூட்டல்குறி வெட்டு உள்ளது) இருந்தால், 1930களுக்கு முந்தையது என்ற பேச்சே சந்தேகம், பூட்டையாவது மாற்றியிருப்பார்கள்.

பொருள் தெரிந்தும் ஈ ஓட்டுகிறவர்கள் உண்டு. வாங்குகிறவரை அவர்களுக்குத் தெரியாது. வாங்குகிறவர் ஆளுக்கு ஒரு பக்கமாக நோட்டுப் போடச் சொல்லுங்கள் மகளிடம்: அவர் வீட்டுச் சுவரின் அகலம், வாசல் உயரம் (அலமாரி மாடிப்படியில் திரும்பாமல் நிற்கும் கூத்து சாதாரணம்), ஏற்கெனவே வைத்திருப்பது, எதை ஏன் வேண்டாம் என்றார். சரக்கு வந்ததும் ஐம்பது பேருக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிடக் கூடாது. ஊரே பார்த்ததை சேகரிப்பவர் சீண்டமாட்டார். பொருத்தமான ஒருவருக்கு மட்டும் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம், அளவு நாடாவோடு படங்கள். ஸ்வீடன் எனாமல் தூக்கில் சில்லுப் பெயர்ந்திருந்தால் அந்தப் படம்தான் முதலில். பார்சல் பிரித்து அவரே கண்டுபிடித்தால் அடுத்த முறை போனை எடுக்கமாட்டார். இரண்டு நாள் பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு.

சரக்குத் தகவல் வீடு இடிக்கும் காண்ட்ராக்டர், தச்சர், பழைய பித்தளை எடுப்பவர் மூலம் வரும். அவர்கள் தரகு விற்ற அன்றே கைக்குப் போகணும். பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடாத வீட்டில் நிலைக்கதவுகூட வாங்கக் கூடாது. ஒருவர் தடுத்தாலும் அட்வான்ஸ் முடங்கும்.

1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. தந்தத்தையும் கோயில் பொருளையும் தொடவே வேண்டாம்.

கடை பிடிக்க இப்போது ஒரு பைசா தராதீர்கள். மாதக்கணக்கில் ஒன்றும் விற்காத தொழில் இது. வாடகை அதற்காக நிற்காது. முதலில் வேறு கடைக்காரரின் பொருளைத் தரகுக்கு விற்கட்டும். அவளிடம் வாங்கிய இரண்டு பேராவது திரும்பி வந்து மறுபடி வாங்கினால், அப்போது கடையைப் பற்றிப் பேசலாம்.