கூலன்ட் ஏன் திரிகிறது?

கேள்வி: விசைப்படகு புரொப்பல்லர் ஷாப்ட் கடைகிறேன். சூடு தணிக்க ஊற்றும் ஆயில்-தண்ணீர் கலவையான கூலன்ட் தயிர் போலத் திரிகிறது, லேத் பெட் (கடைசல் இயந்திரத்தின் அடித்தளம்) முழுக்கத் துரு. ஆயிலை மாற்றவா? - வாசகர், மண்டபம்

பதில்: ஆயிலை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். நம்ம கரையோர போர்வெல் தண்ணீரின் உப்பு கலவையைப் பிரித்துவிடும், துருவையும் கூட்டும். பாம்பனில் பட்டறை போட்ட புதிதில் நானும் ஒரு டிரம் கூலன்டை அப்படியே கொட்டியவன்தான். வீட்டுக்காரி திட்டியது தனிக்கதை. அப்புறம் மழைத்தண்ணீர் பிடித்தேன், கோடையில் ஆர்.ஓ. தண்ணீர்.

20 லிட்டர் தண்ணீருக்கு 1 லிட்டர் ஆயில் போதும். தண்ணீரில்தான் ஆயிலை ஊற்ற வேண்டும், கிண்டிக்கொண்டே. மாற்றி ஊற்றினால் கூழாகிவிடும். குழாய் முனை, டூல் சீவுகிற இடத்தையே பார்க்கட்டும். சொட்டாக வேண்டாம், தாரையாக விழ வேண்டும். கடினமான கார்பைடு டூல் முனையில் விட்டு விட்டு ஊற்றினால் விரிசல் விழும்.