'நியூ மூன்' பாதியில் நிற்கிறதா?

'ட்வைலைட்' நாவல் தொடரில், பெல்லாவை விட்டு அவளுடைய ரத்தக்காட்டேரிக் காதலன் எட்வர்ட் போன பிறகு இரண்டாம் புத்தகமான 'நியூ மூன்' நகரவே மாட்டேன் என்கிறது, நேராக மூன்றாவதான 'எக்லிப்ஸ்' எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நானும் அங்கேதான் சிக்கினேன். அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று பக்கத்துக்கு ஒரு மாதப் பெயர் மட்டும் வரும், மற்றபடி வெற்றுத் தாள். அச்சுப் பிழை என்றே நினைத்தேன்! பெல்லாவுக்கு அந்த நாலு மாதமும் அப்படித்தான் போயிற்று என்பது அப்புறம்தான் உறைத்தது.

அதைத் தாண்டினால் பெல்லாவின் நண்பன் ஜேக்கப் வருகிறான். இரண்டு ஓட்டை பைக்குகளை அவன் தன் ஷெட்டில் உட்கார்ந்து சரிசெய்கிற பகுதி, தொடரிலேயே எனக்குப் பிடித்தது. அந்த நட்பு தெரியாமல் மூன்றாம் புத்தகத்துக்குப் போனால், எட்வர்டுக்கும் ஜேக்கப்புக்கும் நடுவே அதில் வரும் இழுபறி வெறும் அடம்பிடிப்பாகத் தெரியும். கடைசியில் கதை இத்தாலிக்கு, வோல்டெர்ராவுக்குப் போகும்போது பக்கங்கள் பறக்கும்.

எட்வர்ட் இல்லாமல் ஆகாது என்றால் 2020இல் வந்த 'மிட்நைட் சன்' இருக்கிறது. முதல் புத்தகத்தின் கதையையே அவன் சொல்கிறான், 600 பக்கங்களுக்கு மேல். புலம்பல் அதிகம். பெல்லா தூங்குவதை ராத்திரி அறைக்குள் வந்து பார்ப்பதற்கு அவன் சொல்லும் நியாயம் எனக்கு ஒட்டவில்லை. தொடரின் நாலு புத்தகங்களையும் முடித்துவிட்டு அதை எடுங்கள்.