அப்டேட் என்று வருவதெல்லாம் அப்டேட்டா?

கம்பத்துக்கும் குமுளிக்கும் ஜீப் ஓட்டுகிறேன். 'வண்டிக்கு அபராதம், அரசின் பரிவாஹன் வாகன ஆப்பை அப்டேட் செய்யவும்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப் ஏற்றும் ஃபைல்) வந்தது. கேமராவில் மாட்டியிருப்போம் என்று இன்ஸ்டால் செய்தேன். வங்கிக் கணக்கில் இருந்த 38,000 ரூபாய் போய்விட்டது ஐயா.

மனசு விட்டுவிடாதீர்கள். அபராதம் என்றால் வண்டிக்காரர் பதறுவார் என்று தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்கள். போனில் நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். பணம் அடுத்த கணக்கில் நிற்கும்போதே முடக்கினால்தான் உண்டு. வங்கியில் எழுதிக் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். புகாருக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு என்கிறது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த ஆப் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைப் படித்துக்கொண்டிருக்கும். போனை முழுசாக ரீசெட் செய்யுங்கள்.

'ஃப்ளாஷ் பிளேயர் பழசாகிவிட்டது' என்று கம்ப்யூட்டரில் வருகிறது. அப்டேட் செய்யலாமா? (கொழிஞ்சாம்பாறை)

கூடாது. வெப்சைட்டில் வீடியோ, கேம் ஓட்ட உதவிய அந்த சாஃப்ட்வேரை அதன் கம்பெனியான அடோபி 2020 டிசம்பர் 31-ஓடு கைவிட்டுவிட்டது.

உண்மையான அப்டேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? (செங்கோட்டை)

வந்த அறிவிப்பைத் தொடாதீர்கள். நீங்களே போய்ப் பாருங்கள். போனுக்கு என்றால் செட்டிங்ஸில் 'சாஃப்ட்வேர் அப்டேட்'. ஆப்புக்கு என்றால் பிளே ஸ்டோர். அங்கே இல்லையென்றால் வந்தது பொய். 'உங்கள் போனில் 5 வைரஸ்' என்று ஒரு வெப்சைட் கத்தினால் மூடிவிடுங்கள்; போனுக்குள் புகுந்து வைரஸ் தேட வெப்சைட்டால் முடியாது.

எனக்குப் பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. புதுப் போன் வாங்கும்போது, கடைப் பையன் ஏதோ ஆப் ஏற்றுவதற்காக 'தெரியாத ஆப்களை இன்ஸ்டால் செய்ய' அனுமதி கொடுப்பான். வேலை முடிந்ததும் அணைக்க மாட்டான். பிறகு அதே வழியாக வரும் எந்தப் போலி ஃபைலுக்கும் கதவு திறந்தேதான் கிடக்கும். நான் வாங்கிய பழைய லேப்டாப்பிலும் கடைக்காரர் ஒரு சாஃப்ட்வேரை ஏற்றியிருந்தார். தினமும் காலையில் 'டிரைவர் பழசு, பணம் கட்டு' என்று சிவப்புப் பெட்டி வரும் (டிரைவர் என்றால் பிரின்டர், ஸ்பீக்கர் போன்றவற்றை இயக்கும் சாஃப்ட்வேர்). கேட்டதற்கு, "கம்பெனியே போடுறது சார்" என்றார். பச்சைப் பொய். விண்டோஸ் அப்டேட்டிலேயே டிரைவர் காசில்லாமல் வருகிறது. பில் போடும் முன்பே, கடையிலேயே நின்று அந்த அனுமதியை அணைக்கச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மோட் ஆப் (வேறு யாரோ மாற்றியமைத்த ஆப்) போட்டதிலிருந்து விளம்பரமும் 'அப்டேட்' தொல்லையும். போன் கம்பெனி மேல் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? (களியக்காவிளை)

கம்பெனி என்ன செய்தது? போன தடவையும் இதையே எழுதினீர்கள், அந்த ஆப்பை எடுக்கச் சொன்னேன். முதலில் அதை எடுங்கள், அப்புறம் எழுதுங்கள்.