யுகே நேர்முகம்: "எங்கள் குழுவுக்குப் பொருந்தவில்லை" என்றால் என்ன?

தம்பி, வெளிநாட்டில் படித்த டாக்டர்களுக்கான பிளாப் தேர்வில் தேறி, ஜிஎம்சி என்ற பிரிட்டன் மருத்துவக் கவுன்சிலின் பதிவும் வாங்கிவிட்டீர்கள். மருத்துவக் கேள்விகளுக்கெல்லாம் சரியாகச் சொல்லியும் "குழுவுக்குப் பொருந்தவில்லை" என்று பதில் வந்திருக்கிறது. ஆங்கிலம் காரணமா, நிறம் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தில் நேர்முகக் குழுவில் உட்காருபவன் என்பதால் சொல்கிறேன்.

கட்டாயம் வரும் கேள்வி இது: இரவு இரண்டு மணி. நோயாளி மோசமாகிறார் என்று நர்ஸ் கூப்பிடுகிறார். உங்களுக்கு மேலே இருக்கும் சீனியர் டாக்டரான ரெஜிஸ்ட்ராரோ காலையில் பார்க்கலாம் என்கிறார். என்ன செய்வீர்கள்? நம் பிள்ளைகள் ஆக்சிஜன், ஆன்டிபயாடிக் என்று மளமளவென்று ஒப்பிப்பார்கள். அது தெரியும் என்பதால்தானே நேர்முகத்துக்கே அழைத்தோம்! ரெஜிஸ்ட்ராரை மறுபடி கூப்பிடுவீர்களா, அவர் அசையாவிட்டால் அவருக்கும் மேலே, வீட்டில் தூங்கும் நிபுணரான கன்சல்டன்ட்டை எழுப்புவீர்களா என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். நம் ஊரில் சீஃப் டாக்டர் முன்னால் வாய் திறக்காமலே படித்து வந்தவர்களுக்கு இது லேசில் வராது. நர்ஸ் சொன்னதை எவ்வளவு மதிக்கிறீர்கள் என்பதற்கும் அங்கே மதிப்பெண் உண்டு.

இதற்குப் பின்னால் ஒரு வேதனையான கதை இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் தவித்தார்கள். எச்சரித்த ஊழியர்களின் குரல் எடுபடவில்லை. 2013இல் வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸின் விசாரணை அறிக்கை அத்தனையையும் வெளியே கொண்டுவந்தது. சிகிச்சையில் தவறு நேர்ந்து பாதிப்பு உண்டானால் நோயாளியிடம் மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது 2014இல் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவ சேவையின் மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமையானது. ஆகவே, "தவறான டோஸ் கொடுத்துவிட்டீர்கள், யாரும் கவனிக்கவில்லை" என்று நேர்முகக் குழு ஆரம்பித்தால், நோயாளியைப் பார்த்துக் கவனிப்பது, அவரிடம் சொல்வது, சீனியரிடம் சொல்வது, சம்பவ அறிக்கை போடுவது எல்லாம் உங்கள் வாயிலிருந்தே வரவேண்டும்.

நிறம் பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. "பொருந்தவில்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் பாரபட்சம் ஒளிந்துகொள்ள முடியும். இனத்தைக் காரணம் காட்டி வேலை மறுப்பதை 2010 சமத்துவச் சட்டம் தடுக்கிறது. வேலை விளம்பரத்தோடு தகுதிப் பட்டியல் ஒன்று வந்திருக்குமே, அதில் எந்த அம்சத்தில் மதிப்பெண் குறைந்தது என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஒழுங்கான இடம் குறிப்பிட்டுச் சொல்லும். மழுப்பினால் அந்த இடம் போனதற்கு வருந்தாதீர்கள்.

அடுத்த முறை நீங்களும் அவர்களை எடைபோடுங்கள். தனியாக நைட் டியூட்டி போடுமுன் எத்தனை நாள் ஷேடோயிங், அதாவது இன்னொரு டாக்டர் கூடவே இருந்து பழகும் வாய்ப்பு, தருவார்கள்? வெளிநாட்டிலிருந்து வந்து ஏற்கெனவே அங்கே வேலை பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் பேச முடியுமா? இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.